புதுப்பிப்பு: குப்பை வண்டி வருகிறது, தண்ணீர் பாதி வழியில்

எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வருவதில்லை, குடிநீர் எட்டு நாளுக்கு ஒருமுறைதான், பேரூராட்சியை எப்படிக் கேட்பது என்று எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தொலைபேசியில் சொன்ன புகார் 'தீர்வு காணப்பட்டது' என்று குறுஞ்செய்தியோடு முடிந்தது. வேலை செய்தது, அரசு அலுவலக ஆவணங்களைக் கேட்டுப் பெற உதவும் தகவல் உரிமைச் சட்ட மனுதான். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். "ஏன் வரவில்லை" என்று கேட்காதீர்கள், இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் திருப்பம். வண்டி தினமும் எங்கே போனது என்று எழுதிவைக்கும் லாக் புத்தகம், தண்ணீர் திறந்துவிடும் பதிவேடு இரண்டின் நகலையும் கேட்டேன்.

பதில் தரவேண்டிய 30 நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. அதே சட்டத்தின் பிரிவு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு போட்டேன், இதற்குக் கட்டணம் கிடையாது. அப்புறம்தான் நகல் வந்தது.

எதிர்பாராதது: லாக் புத்தகப்படி வண்டி எங்கள் தெருவுக்கு தினமும் வந்திருக்கிறது! நகலோடு நாலு வீட்டுக்காரர்கள் செயல் அலுவலரைப் பார்த்தோம். அடுத்த வாரமே வண்டி வந்துவிட்டது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்தால்தான் வாங்குகிறார்கள், அது நியாயம்தான்.

தண்ணீர் இப்போது ஐந்து நாளுக்கு ஒருமுறை. தெருமுனை வால்வு பழுதாம், மாற்றவில்லை. அதற்கு அடுத்த மனு தயார்.