வேப்பமரம்தான் காற்றை அனுப்புகிறது என்கிறான் மகன், உடனே திருத்த வேண்டுமா?

ஈரோடு அம்மா கேட்டது:

மகனுக்கு நாலரை வயது, எல்கேஜி படிக்கிறான். எங்கள் வாசலில் ஒரு பெரிய வேப்பமரம் இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். "மரத்தை ஆடச் சொல்லும்மா, வேர்க்குது" என்றான். இலையை ஆட்டி ஆட்டி மரம்தான் காற்றை உண்டாக்குகிறதாம். இல்லைடா, காற்றுதான் மரத்தை ஆட்டுகிறது என்றேன். பாட்டி கையில் இருந்த பனையோலை விசிறியைக் காட்டி, "இதை ஆட்டுனாதானே காத்து வருது, இதைக் காத்தா ஆட்டுது?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

இது மட்டும் இல்லை. சம்பளம் என்றால் ஏடிஎம் சுவருக்குள் இருக்கும் மாமா கொடுப்பது. வீடியோ காலில் தாத்தா வந்தால் முறுக்கைத் திரையில் வைத்து அழுத்துவான், அவர் வாங்கவில்லை என்றால் கோபம். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அவனைக் கூப்பிட்டு, "காத்து எங்கிருந்து வருது சொல்லு" என்று சொல்ல வைத்துச் சிரிக்கிறார்கள். இப்போது அவனே "ஏன்மா சிரிக்கிறாங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். இப்போதே சரியாகச் சொல்லிக் கொடு என்கிறார் கணவர். வளர வளரத் தானாகத் தெரிந்துகொள்வான் என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

மழலையர் வகுப்பு டீச்சர், மதுரை:

உங்கள் பையன் கேட்ட விசிறிக் கேள்வி அருமையான கேள்வி. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த குழந்தை உளவியல் ஆய்வாளர் ழான் பியாஜே (1896–1980) குழந்தைகளிடம் இப்படித்தான் காற்று எங்கிருந்து வருகிறது, சூரியனுக்கு உயிர் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். அந்த ஊர்க் குழந்தைகளும் மரம்தான் காற்று அடிக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆடுகிற பொருள் காற்று தரும் என்பது அவன் கண்ணால் பார்த்த விஷயம், அதை மரத்துக்கும் பொருத்திப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

அவனை மரமே இல்லாத ஒரு பொட்டல் மைதானத்துக்குக் கூட்டிப் போய், "இங்கே யார் காத்து அடிக்கிறா?" என்று மட்டும் கேளுங்கள். தூரத்தில் இருக்கிற மரம் என்பான். சரி என்று விட்டுவிடுங்கள், கேள்வி அவனிடமே இருக்கட்டும். அப்புறம் ஒரு பலூனை ஊதி, அதன் காற்றை அவன் கன்னத்துப் பக்கம் விடுங்கள், எதையும் ஆட்டாமலேயே காற்று வருவதை அவனே உணரட்டும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகப் பால் ஊற்றி, சமம்தானே என்று அவனையே சொல்ல வையுங்கள். அவன் கண் முன்னாலேயே ஒன்றை மட்டும் அகலமான டவராவில் ஊற்றிவிட்டு எதில் அதிகம் என்று கேளுங்கள். உயரமாக நிற்கிற டம்ளரில்தான் அதிகம் என்று அடித்துச் சொல்வான். இதுவும் பியாஜே செய்து பார்த்த சோதனைதான், ஏழு வயதையொட்டித்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அளவு மாறவில்லை என்பது பிடிபடும். நாலு வயதில் எவ்வளவு விளக்கினாலும் தலையை ஆட்டுவார்களே தவிர மனசுக்குள் டம்ளர்தான் ஜெயிக்கும்.

அறிவியல் அப்பா:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், சகோதரி. சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிற உங்கள் கணவர் இதைப் படிக்க வேண்டும். 1992-இல் வோஸ்னியாடு, ப்ரூவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 60 பள்ளிப் பிள்ளைகளிடம் பூமியின் வடிவத்தைப் பற்றிக் கேட்டார்கள். உருண்டை என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகளிடமே தோண்டித் தோண்டிக் கேட்டபோது சிலர், பூமி உள்ளே கூடான ஓர் உருண்டை, நாம் அதற்குள் இருக்கும் தட்டையான தரையில் வாழ்கிறோம் என்றார்கள். வேறு சிலருக்கு இரண்டு பூமி, நாம் நிற்கிற தட்டைப் பூமி ஒன்று, வானத்தில் இருக்கும் உருண்டைப் பூமி இன்னொன்று. பெரியவர்கள் சொன்னதையும் தட்டையாகத் தெரிகிற தரையையும் எப்படியாவது ஒட்டவைக்கப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் பையனுக்கு இப்போது "காத்துதான் மரத்தை ஆட்டுது" என்று மனப்பாடம் செய்ய வைத்தாலும் உள்ளுக்குள் அந்த மரம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் அவன் என்ன நினைக்கிறான் என்று முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

திருச்சி பேத்திகளின் பாட்டி:

கண்ணைப் பொத்திக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று "என்னைக் கண்டுபிடி" என்பாள் என் சின்னப் பேத்தி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இதைக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள் என்று மகள் படித்துக் காட்டினாள். உடம்பு தெரிகிறது என்று அந்தப் பிள்ளைகளே ஒத்துக்கொள்கிறார்களாம், ஆனால் கண்ணும் கண்ணும் சந்திக்காதவரை "என்னை" நீ பார்க்கவில்லை என்கிறார்களாம். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

சேலம் சித்தி:

எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட முடியாது அக்கா. என் அக்கா மகள் தர்பூசணி விதையை விழுங்கிவிட்டாள். வயிற்றில் கொடி முளைக்கும் என்று யாரோ விளையாட்டாகச் சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டில் தண்ணீர் டம்ளரைத் தள்ளித் தள்ளி வைத்தாள். நல்ல வெயில் காலம், உதடு காய்ந்திருக்கிறது, குடிக்க மாட்டேன் என்று ஒரே அழுகை. மடியில் வைத்து விசாரித்த பிறகுதான், தண்ணி ஊத்தினா செடி வளருமே என்று சொன்னாள். பயம் வந்துவிட்டால் அந்த நிமிஷமே திருத்தத்தான் வேண்டும். வயிறு மண் இல்லை, விதை காலையில் வெளியே போய்விடும் என்று நேராகச் சொன்னதும் முழு சொம்பையும் குடித்தாள். நெருப்பு, கரண்ட், மருந்து விஷயமும் அப்படித்தான்.

சிரிக்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அவர்கள் "காத்து எங்கிருந்து வருது" என்று ஆரம்பித்தால், நீங்கள் அந்த விசிறியை அவன் கையில் கொடுத்து, "மாமாகிட்ட உன் கேள்வியைக் கேளு" என்று சொல்லிவிடுங்கள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு மாமாவுக்குப் போய்விடும், அவனுக்கும் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்ற எண்ணம் வராது.