விசுவாசப் பிரமாணத்தில் ஒரு ரோம அதிகாரியின் பெயர்

"இயேசு வாழ்ந்தார் என்பதற்கு வேதாகமத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?"

பக்கத்து மேசை நண்பர் கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை. என்னைவிட மூத்தவர், சரித்திரம் என்றால் உயிரை விடுகிறவர். குத்திக்காட்ட வேண்டும் என்று கேட்கிறவரும் இல்லை. "விசுவாசித்தால் போதும் சார்" என்றேன். சொன்ன மாத்திரத்திலேயே அது பதிலாகாது என்று எனக்கே உறைத்தது.

அந்த ஞாயிறு ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்ற இடத்தில் என் நாக்கு நின்றுவிட்டது. சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லிவரும் வரி. மரியாளின் பெயர் இருப்பது புரிகிறது. தண்டனை விதித்த அதிகாரிக்கு அங்கே என்ன வேலை? இது நடந்த காலம் இன்னது என்று சபை கையெழுத்திட்டு வைத்திருக்கிறது என்று அன்றுதான் விளங்கியது.

தேடிப் படித்தேன். 1961இல் இஸ்ரேலின் கடலோரப் பழைய ரோம நகரான செசரியாவில், பழைய அரங்கின் படிக்கட்டில் ஒரு சுண்ணாம்புக்கல் கிடைத்தது. யாரோ பிற்காலத்தில் படிக்கல்லாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் சிதைந்து, 'பொந்தியு' என்பதன் முற்பாதி போய்விட்டது. 'பிலாத்து' மட்டும் லத்தீன் எழுத்தில் முழுதாக நிற்கிறது. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டாசிட்டஸ். கிறிஸ்தவர்கள்மேல் துளியும் பிரியமில்லாத ரோம சரித்திர ஆசிரியர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர், ரோமப் பேரரசர் திபேரியுவின் ஆட்சியில் பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்று போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். நமக்குச் சாதகமாகச் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடையாது.

இவற்றை நண்பரிடம் கொண்டுபோனேன். முதலாம் நூற்றாண்டின் யூத சரித்திர ஆசிரியர் யோசேப்பஸைப் பற்றியும் மறைக்கவில்லை: இயேசுவைப் பற்றிய அவருடைய நீண்ட பத்தியில் பின்னாளில் கிறிஸ்தவர்களின் கை பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு" என்ற சிறு குறிப்பைத்தான் நான் நம்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதைக் கேட்டபிறகுதான் அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"சரி, சிலுவை வரை ஒப்புக்கொள்கிறேன். உயிர்த்தெழுதல்?"

கல்லும் பாப்பிரஸும் அதை நிரூபிக்காது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னேன். ஆனால் சிலுவை நடந்து ஏறக்குறைய 25 ஆண்டுகளில் அப்போஸ்தலன் பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஐந்நூறு பேருக்கு அதிகமானவர்களுக்கு இயேசு தரிசனமானார் என்கிறார். "அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள்" என்று சேர்க்கிறார். புளுகுகிறவன் உயிரோடிருக்கும் சாட்சிகளைக் காட்டி எழுதுவானா? என் விசுவாசத்துக்கு இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ பிரசங்கங்களைவிடப் பலம் தந்திருக்கிறது.

நண்பர் இன்னும் விசுவாசியாகவில்லை. என் புதிய ஏற்பாடு மூன்று வாரமாக அவரிடம் இருக்கிறது. நேற்று எட்டிப் பார்த்தேன்: 'இந்நாள்வரைக்கும்' என்ற சொல்லின் அடியில் பென்சில் கோடு.