ஸ்டுடியோவில் லைவ் பேண்டுக்கு லைட் போட்டவர்கள் வாருங்கள்

கிரிட்வாசி:
டிவி புரொடக்‌ஷன் படித்தபோது மல்டிகேம் (பல கேமரா) பயிற்சிக்கு ஒரு ராக் பேண்ட் வந்தது. பழைய டங்ஸ்டன் (இழை பல்பு) ஸ்டுடியோ, எல்லா லைட்டும் டிம்மரில், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியில். சவுண்ட் செக் சுத்தமாக இருந்தது. மெதுவான பாட்டுக்காக பேக் லைட்டைப் பாதிக்கு இறக்கினேன், கிடாரில் ‘ங்ங்ங்’ என்று ஒரு இரைச்சல். முழுசாக ஏற்றினால் காணோம். கேபிளை மாற்றினார்கள், ஆம்ப்பை மாற்றினார்கள், ம்ஹூம். அப்புறம் கிடாரிஸ்ட் ஏதோ கேட்க ட்ரம்மர் பக்கம் திரும்பினார், இரைச்சல் சட்டென்று அடங்கியது. அப்படியே நின்று பாட்டு முழுவதையும் வாசித்துவிட்டார். சோலோ வந்தபோது எந்தக் கேமராவுக்குப் போனாலும் அவர் முதுகுதான். டைரக்ட் செய்த மாணவி அன்று என்னோடு பேசவே இல்லை.

பிசிஆர்_மணி:
எனக்கும் நடந்திருக்கிறது, பேஸ் கிடாரில். ஆனால் லைட்டைக் குறை சொல்லாதீர்கள், அது சிங்கிள் காயில் பிக்கப் செய்கிற வேலை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் அந்த ஒற்றைச் சுருள் சுற்றியுள்ள மின் இரைச்சலையும் பிடிக்கும், கிடார் திரும்பும் திசையைப் பொறுத்துக் கூடும் குறையும். ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) இருந்தால் பெரும்பாலும் தப்பித்திருப்பீர்கள். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் டிம்மர் வினாடிக்கு 100 முறை அலையை வெட்டித் திறக்கிறது. பாதி அளவில் வைத்தால் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்போது திறக்கும், அதனால்தான் அங்கே இரைச்சல் அதிகம். சவுண்டுக்குத் தனி ஃபேஸ் (கரண்ட் லைன்) கேளுங்கள். லைட் கேபிளும் மைக் கேபிளும் சேர்ந்து ஓடக் கூடாது, குறுக்கே போக வேண்டுமென்றால் செங்குத்தாகப் போகட்டும். வெளிச்சம் குறைய வேண்டுமா, டிம்மரைத் தொடாமல் ஃப்ரெனலுக்கு (லென்ஸ் வைத்த ஸ்டுடியோ விளக்கு) முன்னால் கம்பி வலை போடுங்கள். டிம்மரில் இறக்கினால் டங்ஸ்டனின் நிற வெப்பநிலையான 3200 கெல்வினும் கீழே போய் முகமெல்லாம் செம்பழுப்பாகிவிடும். இதையெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லித் தர வேண்டும், யார் தருகிறார்கள்?

மெழுகுமேளம்:
கிடாரை விடுங்கள். எங்களுக்கு வந்தது ஃப்யூஷன் குழு. வீணை வாசிக்கும் அம்மாவை நேராக 2 கிலோவாட் ஃப்ரெனலுக்குக் கீழே உட்கார வைத்துவிட்டார்கள். வீணையின் 24 மெட்டுகளும் (தந்திக்குக் கீழே உள்ள உலோகக் கட்டைகள்) மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. லைட்டிங் முடியும்வரை அசையாமல் இருந்தவர், ஒரு மெட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “தம்பி, இது இளகுது. முதல்ல விளக்கை அணை, அப்புறம் அழகு பாக்கலாம்.” ஃப்ளோர் மேனேஜரிடம் கேட்காமலே அணைத்தேன். பக்கத்தில் மிருதங்கக்காரர் சுருதி ஏறிவிட்டது என்று ஏற்கெனவே புலம்பிக்கொண்டிருந்தார், அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

நீலவானம்:
இப்போது எல்லாம் எல்இடி, சூடு எங்கே இருக்கிறது? எங்கள் தொல்லை வேறு. பாடகிக்கு அடர் நீலம் போட்டோம், நேரில் பிரமாதம். மானிட்டரில் மூக்கும் கன்னமும் ஒன்றாகிப் போன நீலத் திட்டு. சிசியூவில் (கேமரா கட்டுப்பாட்டுப் பெட்டி) இருந்தவர் ஐரிஸை (லென்ஸின் ஒளித் துளை) எவ்வளவு மூடியும் முகம் திரும்பவில்லை. வெள்ளை கீ லைட் (முகத்துக்கான முதன்மை விளக்கு) கொஞ்சம் கலந்த பிறகுதான் கண் தெரிந்தது.

கிரிட்வாசி:
மணி அண்ணா, சிங்கிள் காயில்தான், தெரியும். அன்று அவர் கொண்டு வந்தது அந்த ஒரு கிடாரைத்தானே!