புதுப்பிப்பு: கீழக்கரை முற்றத்தில் பவர்கிளைடு

என் 1964 செவர்லே இம்பாலா காருக்காக வாங்கிய பழைய பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் முதல் கியரில் ஓடியது, இரண்டாவதில் வழுக்கியது என்று போன மாதம் எழுதியிருந்தேன். இருப்பதே இரண்டு கியர், அதிலும் ஒன்று இல்லை!

பிரித்துவிட்டேன். இரண்டாவது கியருக்கான கிளட்ச் பிளேட்டுகளை ஆயில் அழுத்தத்தால் நெருக்கிப் பிடிக்கும் பிஸ்டனின் ரப்பர் சீல் கருவாடாக விறைத்திருந்தது. அழுத்தம் கசிந்து பிளேட்டுகள் வழுக்கிக் கருகியிருந்தன. புதிய பிளேட்டுகளை இரவு முழுவதும் ஆயிலில் ஊறவைத்துப் பூட்டினேன். (ஊறவைத்தது உம்மாவின் மீன்சட்டியில். வீட்டில் இன்னும் தெரியாது.) கம்பிரசர் காற்றை ஆயில் துளையில் செலுத்தியதும் பிஸ்டன் 'தொப்'பென்று அடித்தது. அந்த ஒலிக்காகத்தான் இத்தனை பாடு.

அடுத்தது டார்க் கன்வெர்ட்டர், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம். அது கியர்பாக்ஸின் ஆயில் பம்பில் முழுதாக இறங்காமல் போல்ட்டை இறுக்கினால் பம்ப் உடைந்துவிடும். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் மச்சானும் நானும் தூக்கிப் பொருத்தப் போகிறோம்.