செங்கோட்டை எந்த மண்டலத்தைச் சேர்ந்தது?

புளியரை மாணவன் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். அஞ்சல்வழியில் புவியியல் இளங்கலை முதலாண்டு படிக்கிறேன். வீடு புளியரையில், கேரள எல்லைச் சோதனைச்சாவடிக்கு அருகில். மண்டலங்கள் ஒருமைத்தன்மை மண்டலம் (ஏதோ ஒரு தன்மை எங்கும் ஒத்திருக்கும் பகுதி), செயல்பாட்டு மண்டலம் (ஒரு மையத்தோடு பிணைந்த பகுதி), மனப்பதிவு மண்டலம் (மக்கள் மனத்திலும் பேச்சிலும் உள்ள பகுதி) என மூவகைப்படும் என்று படித்துவிட்டு, எங்கள் வட்டாரத்தை எதில் சேர்ப்பது என்று விளங்காமல் இருக்கிறேன். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று தாலுகாவின் கிழக்குப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது, ஆரியங்காவு அடங்கிய மேற்குப் பகுதி கேரளத்தோடு நின்றுவிட்டது. ஒப்படைப்பில் "தமிழ்நாடு என்னும் ஒருமைத்தன்மை மண்டலம்" என்று எழுதினால் போதும் என்று எண்ணி அப்படியே எழுதினேன். "போதாது" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்தது. மாநில எல்லைதானே மண்டலத்தின் எல்லை?

ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி:
தம்பி, நீங்கள் எழுதியது தவறன்று. ஆனால் அது ஒரு கேள்விக்கு மட்டுமே விடை. மண்டலம் என்பது மலையைப் போல, ஆற்றைப் போல நிலத்தில் கிடக்கும் பொருளன்று. எதையோ அறிந்துகொள்வதற்காக நாம் வரைந்துகொள்வது. எந்தச் சட்டம், எந்த ஆட்சிமொழி என்று கேட்டால், எல்லையிலுள்ள கோட்டைவாசல் என்னும் ஊரில் கோடு துல்லியமாக நிற்கும். மழையைக் கேட்டால் அந்தக் கோட்டுக்கு வேலையே இல்லை.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது வெப்பமேறி வறண்டுபோகிறது. ஆனால் செங்கோட்டைக் கணவாயில் மலை தாழ்ந்திருப்பதால், ஈரம் முழுவதும் தீர்வதற்குள் காற்று இப்பக்கம் வந்து சாரலாகத் தூவுகிறது. குற்றாலத்துச் சீசனும், அதே காற்றை நம்பிக் கயத்தாறு வட்டாரத்தில் நிற்கும் காற்றாலைகளும் அக்கணவாயின் கொடை. அந்த நாள்களில் புனலூரிலிருந்து வரும் பேருந்தில் உட்கார்ந்து பாருங்கள். புளியரை எஸ் வளைவில் கண்ணாடி முழுவதும் நீர் வழியும். செங்கோட்டையில் ஓட்டுநர் துடைப்பானை நிறுத்தி நிறுத்திப் போடுவார். பாவூர்ச்சத்திரம் தாண்டினால் சன்னலில் புழுதி ஒட்டும். ஈரம் முடிந்து வறட்சி தொடங்கும் இடம் இதுதான் என்று எந்த மைல்கல்லையும் காட்ட முடியாது. ஒருமைத்தன்மை மண்டலத்தின் விளிம்பு பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓர் இடைப்பட்டையாகவே இருக்கும் என்பதைப் பாடநூல்கள் போதுமான அளவு வலியுறுத்துவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

காய்கறி வியாபாரி, புனலூர்:
ஆசிரியர் ஐயா மழையைச் சொன்னார். நான் சரக்கைச் சொல்கிறேன். எங்கள் குடும்பம் தமிழ்க் குடும்பம், புனலூரில் மூன்றாம் தலைமுறையாகக் கடை நடத்துகிறோம். பாவூர்ச்சத்திரம் சந்தையில் ஏற்றிய முருங்கைக்காயும் கத்தரிக்காயும் இரவோடு இரவாக மலை ஏறி, விடியுமுன் எங்கள் வாசலில் இறங்கிவிடும். செயல்பாட்டு மண்டலம் என்றால் ஒரு மையமும் அதனோடு போக்குவரத்தால் கட்டுண்ட சுற்றுப்புறமும் என்று என் மகளின் பாடநூலில் பார்த்தேன்; அப்படியானால் பாவூர்ச்சத்திரம் மையம், கேரளத்திலிருக்கும் நாங்கள் அதன் சுற்றுப்புறம். மண் சரிந்து மலைச்சாலை அடைபட்டால், அன்று காலையே எங்கள் கடையில் விலை ஏறிவிடுகிறது. இந்தப் பிணைப்புக்கு வேறு சான்று தேவையில்லை. அத்தம் முதல் திருவோணம் வரை தோவாளைப் பூவும் இதே போல எல்லை கடந்துதான் கேரளத்துக்கு வருகிறது.

ஆரியங்காவு வாசகி:
மூன்றாவது வகையான மனப்பதிவு மண்டலம் எங்கள் பேச்சிலேயே இருக்கிறது. இங்குள்ள மலையாளிகள் கிழக்கேயிருந்து வரும் வண்டியைப் "பாண்டி லாரி" என்பார்கள்; பாண்டி என்றால் அவர்களுக்குத் தமிழ்நாடு. அது மதுரைச் சீமையிலிருந்து வந்ததா, சேலத்திலிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை. தென்காசியிலிருக்கும் என் அத்தையோ, கொல்லத்துக்குப் போனாலும் கோழிக்கோட்டுக்குப் போனாலும் "மலையாளத்துக்குப் போயிருக்கான்" என்றே சொல்லுவார். பாண்டிக்கும் மலையாளத்துக்கும் அரசிதழில் எல்லை கிடையாது; ஆயினும் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எந்தப் பக்கம் என்பது எங்கள் ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

புளியரை மாணவன்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே அடிப்படை வரைபடத்தின் மேல் மூன்று தாள்களில் வரையப் போகிறேன்: மழைக்கு ஒன்று, பாவூர்ச்சத்திரம் சரக்கு போகும் ஊர்களுக்கு ஒன்று, பேச்சுவழக்குக்கு ஒன்று. மூன்றாவது தாளுக்காக, "பாண்டி எங்கே தொடங்குகிறது?" என்று ஆரியங்காவில் பத்துப் பேரிடமும் புனலூரில் பத்துப் பேரிடமும் கேட்டு, அவர்கள் காட்டும் இடங்களைப் புள்ளியிட்டு, அடுத்த வாரம் இங்கே பதிவிடுகிறேன்.