படகை விற்பதா, வைத்திருப்பதா: இறைசித்தத்தை எப்படி அறிவது?

கேள்வி (பாம்பன்): அப்பா காலமான பின் எங்கள் விசைப்படகை நானே பார்த்து வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள், அதை விற்றுவிட்டுக் கத்தாரில் கிடைத்துள்ள வேலைக்குப் போவதா என்று முடிவெடுக்க வேண்டும். அந்தோணியார் பீடத்தில் இரண்டு சீட்டுகளைப் போட்டு, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லலாம் என்கிறார் அம்மா. கடவுளை நம்பி முடிவெடுப்பது என்பது இதுதானா?

பதில் (ஓரியூர்): தம்பி, அம்மாவின் பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், 1693-இல் இங்கே உயிர்நீத்த புனித அருளானந்தர் சார்ந்திருந்த இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், மனம் வறண்டு கலங்கியிருக்கும் வேளையில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்று கற்பித்தார். டீசல் காசுக்குக்கூட மீன்பாடு கிடைக்காமல் கரை திரும்பிய இரவில் ‘விற்றுவிடலாம்’ என்று தோன்றுவதை நம்பாதீர்கள். போய்விட்டதாகச் சில நாள், இங்கேயே இருப்பதாகச் சில நாள் மனத்தில் வைத்து ஜெபித்து, எதில் அமைதி நிலைக்கிறது என்று பாருங்கள்.

பதில் (கீழக்கரை): முஸ்லிம்களான நாங்கள் இஸ்திகாரா தொழுவோம். இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுது, இது நன்மையானால் எளிதாக்கு, தீமையானால் என்னைவிட்டு விலக்கு என்று இறைவனிடம் கேட்பதுதான் அது. பலரும் எதிர்பார்ப்பதுபோல் கனவு வந்தாக வேண்டும் என்பதில்லை. கூடவே அனுபவமுள்ளவர்களிடம் ஆலோசனை கேட்பதும் எங்கள் வழக்கம். ஏஜெண்டுக்கு அரசு உரிமம் உண்டா, ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு என்று விசாரியுங்கள். விசாரிப்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

பதில் (தங்கச்சிமடம்): படகில் உங்களோடு வரும் ஆட்களிடமும் பேசுங்கள், அவர்கள் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது.