'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' கோர்ட் சீனை விசுவாசத்தோடு நடத்துவது எப்படி?

கேள்வி: சாக்பீஸ்

ஸ்தோத்திரம். எங்கள் மிஷன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஷேக்ஸ்பியரின் இந்த நாடகம். கடனைத் திருப்பித் தராத அன்டோனியோவின் சதையில் ஒரு பவுண்டு கேட்டு யூத வட்டிக்காரன் ஷைலக் வழக்காடும் நான்காம் அங்கத்தின் முதல் காட்சி அடுத்த வாரம் ஆரம்பம். 40 நிமிட பீரியட் ஐந்து கிடைக்கும். பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்து, முஸ்லிம் வீடுகள். சட்ட அறிஞர் வேடத்தில் வரும் போர்ஷியாவின் இரக்கப் பேச்சை வேதவசனத்தோடு சேர்த்து நடத்த ஆசை. பிரசங்கமாகவும் ஆகக்கூடாது, பரீட்சைக்கும் உதவ வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: மார்ஜின்குறிப்பு

டீச்சர், வசனத்தில் தொடங்காதீர்கள். 'ஸ்ட்ரெய்ண்ட்' என்ற ஒரு சொல்லில் தொடங்குங்கள். இரக்கம் 'ஸ்ட்ரெய்ண்ட்' அல்ல என்று பேச்சின் முதல் வரியிலேயே இருக்கிறது. டீ வடிகட்டியை நினைத்து 'வடிகட்டாத இரக்கம்' என்று எழுதிவைக்கும் பிள்ளைகள் உண்டு. இங்கே பொருள் 'கட்டாயப்படுத்தப்பட்டது'. முந்தின இரண்டு வரியைச் சத்தமாக வாசிக்க வையுங்கள். யூதன் இரக்கம் காட்டியே ஆகவேண்டும் என்கிறாள் போர்ஷியா. எந்தக் கட்டாயத்தில் என்று கேட்கிறான் ஷைலக். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 22 வரியும் வருகிறது. முதல் பீரியட் முழுக்க இதற்கே போகட்டும்.

இரண்டாம் நாள் 17, 18ஆம் வரிகள். இரக்கத்துக்காக நாம் செய்யும் அதே ஜெபம் இரக்கம் செய்யவும் கற்றுத்தருகிறது என்கிறாள். அது கர்த்தர் கற்பித்த ஜெபம், மத்தேயு 6:12. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'கடனாளிகள்', 'கடன்கள்' என்றே இருக்கிறது. 3000 டக்கட் (வெனிஸ் நாணயம்) கடனுக்காக நடக்கும் வழக்கில் அந்தச் சொல் எவ்வளவு கனமாக விழுகிறது, பாருங்கள். ஆங்கிலத்தில் மட்டும் 'டிரெஸ்பாஸஸ்' (குற்றங்கள்) என்று ஜெபிக்கும் பிள்ளைக்கு இது தட்டுப்படாது.

ஒப்பிட ஜெனீவா பைபிள் (1560) என்ற ஆங்கில மொழிபெயர்ப்பை எடுங்கள். கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு 1611இல்தான் வந்தது. நாடகம் 1600லேயே அச்சாகிவிட்டது. 'கிங் ஜேம்ஸிலிருந்து எடுத்தார்' என்று நோட்ஸில் எழுதிக் கொடுத்தால் தப்பு.

பதில்: பழையபிரதி

போர்ஷியாவை 'டேனியல்' என்று ஷைலக் புகழும் இடத்தையும் விடாதீர்கள். பிள்ளைகள் தானியேலைச் சிங்கக் கெபியில் (குகையில்) போட்ட கதைக்குப் போய்விடுவார்கள். அது அந்தக் கதை இல்லை. பொய்ச் சாட்சி சொன்ன இரண்டு மூப்பர்களைத் தனித்தனியே விசாரித்து சூசன்னாவைக் காப்பாற்றிய வாலிபன் தானியேல். அதனால்தான் 'இளம் நீதிபதி' என்கிறான். நம் புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் இது கிடையாது. கத்தோலிக்கப் பிரதியில் தானியேல் 13. பிறகு அன்டோனியோவின் நண்பன் கிராஷியானோ அதே பெயரை ஷைலக் பக்கமே திருப்பி வீசுகிறான். இந்தக் கதை தெரியாமல் அந்த ஏளனம் புரியாது.

பதில்: கரும்பலகை

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் பாடத்தின் உயிர் காட்சியின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. போர்டில் மூன்று பெயர் எழுதுங்கள். டியூக் (வெனிஸின் ஆட்சியாளர்), வழக்கில் தோற்று உயிருக்கே ஆபத்தில் நிற்கும் ஷைலக்குக்கு, அவன் கேட்பதற்கு முன்னமே உயிர்ப்பிச்சை தருகிறார். அன்டோனியோ, ஷைலக் கிறிஸ்தவனாக வேண்டும் என்று நிபந்தனை போடுகிறான். கிராஷியானோ, தூக்குக்கயிறு தரச் சொல்கிறான். அன்டோனியோ பேசி முடித்ததும் டியூக், அந்த நிபந்தனையை ஏற்காவிட்டால் மன்னிப்பை வாபஸ் வாங்குவேன் என்கிறார். இப்போது முதல் நாள் சொல்லைத் திருப்பிக் கேளுங்கள்: இந்த இரக்கம் 'ஸ்ட்ரெய்ண்டா', இல்லையா? உயிர்ப்பயத்தில் வாங்கிய ஞானஸ்நானம் விசுவாசம் இல்லை என்பதை நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ரசிகர் பலர் அதை ஆத்தும ரட்சிப்பாகப் பார்த்திருக்கலாம். அதையும் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

'யூதன் என்றால் நியாயப்பிரமாணம் (சட்டம்), கிறிஸ்தவன் என்றால் கிருபை' என்று போர்டில் இரண்டு பட்டியல் போடவே போடாதீர்கள். இரக்கத்தையே விரும்புகிறேன் என்பது ஓசியா 6:6. இயேசு மத்தேயு 9:13இல் எடுத்துச் சொன்னது அந்த எபிரேய வேதத்தைத்தான். 1290இல் யூதரை இங்கிலாந்து துரத்திவிட்டது என்பதையும் இரண்டு நிமிடம் சொல்லுங்கள். வழக்கு நடக்கும்போது 'ஷைலக்' என்று எத்தனை தடவை, 'யூதன்' என்று எத்தனை தடவை அழைக்கிறார்கள் என்று பென்சிலால் குறிக்க வைத்தால், நீங்கள் விளக்கவே வேண்டாம்.

சாக்பீஸ்: நன்றி சார். பிற மதப் பிள்ளைகளிடம் எப்படிக் கேள்வி கேட்பது?

கரும்பலகை: 'நீ நம்புகிறாயா' வேண்டாம். 'போர்ஷியா எதை நம்பிப் பேசுகிறாள், எந்த வரியில் தெரிகிறது' என்று கேளுங்கள். சம்மதமில்லாமல் யாரையும் மதபோதனையில் உட்கார வைக்கக்கூடாது என்கிறது அரசியல் சாசனம் 28(3). விடைத்தாளிலும் இதே ஒழுங்குதான்: முதலில் வரி, பிறகு பொருள், கடைசியில் ஒரே வாக்கியத்தில் வசனம். வசனத்தை மட்டும் எழுதினால் மார்க் விழாது.